ஃப்ளாக் நீதிமன்றத்தின் கருங்கல் சுவர்

எங்கள் தாத்தாவின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததால், சென்ற பிப்ரவரியில் இரண்டு நாள் அம்மாவுடன் மொரீசியசின் ஃப்ளாக் மாவட்ட நீதிமன்றத்தில் காத்துக் கிடக்க நேர்ந்தது. கூப்பிடும் வரை செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிமலைக் கருங்கல், கிட்டப் போனால் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். எரிகுழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயு விட்டுச்சென்ற அந்தக் குழிகளில் மழைநீர் நின்று பாசி பிடித்திருந்தது.

எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் நீதிமன்றத்தை 'லாகூர்' என்போம். மொரீசியசில் பழைய கட்டடம் என்றாலே தாழ்வாரம் வைத்த பிரெஞ்சுக் காலத்து மரவீடுதான் நினைவுக்கு வரும். இது அந்த வகையைச் சேர்ந்ததன்று. 1871 முதல் 1874 வரை ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹாமில்டன் கோர்டன் ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்துப் பிள்ளை என்பதால், சொந்த ஊர்க் கோட்டையின் சாயலிலேயே இதைக் கட்டச் செய்தார் என்று இங்கே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஊர் ஏக்கத்தைக் கல்லில் கட்டிவைக்க அவரால் முடிந்திருக்கிறது. அதே ஏக்கத்தோடு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம்மவர்களுக்கு அந்த வசதி ஏது?

அவர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் முதலில் 'பாஸ்' வழக்குதான். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூடத் தம் புகைப்படம் ஒட்டிய பாஸை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், அனுமதியின்றி வேறு மாவட்டத்துக்குப் போகக்கூடாது என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பாஸைத் தொலைத்தவனும் சந்தைக்கு நடந்து போனவனும் ஒன்றுபோல 'திரிபவன்' என்று பிடிபட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்கள் கிராண்ட் ரிவர் ஆற்றோரத்திலிருந்த அடைப்பிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இது போதாதென்று, தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்தம் செய்யும் 'இரட்டை வெட்டு' வேறு இருந்தது.

1871இல் அடோல்ஃப் த ப்ளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி, இந்தக் கொடுமைகளை எதிர்த்து, ஒப்பந்தம் முடிந்த 'பழைய குடியேறிகள்' 9,401 பேர் ஒப்பமிட்ட மனுவைக் கோர்டனிடம் கொடுத்தார். அந்த மனிதரை நாடு கடத்த வேண்டுமென்று தோட்ட முதலாளிகள் கூச்சலிட்டபோது கோர்டன் இணங்கவில்லை. மறு ஆண்டு லண்டனிலிருந்து ஆணைக்குழு வந்து விசாரித்தது. 1875இல் வெளியான அதன் அறிக்கை போலீசின் அட்டூழியங்களையும் பாஸ் முறையின் கொடுமையையும் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. இதற்காகவே கோர்டனின் கோட்டை மோகத்தை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவுக்கு உடன்பாடில்லை, "மனுவை வாங்கிக்கொள்வது பெரிய காரியமா?" என்கிறார்.

உள்ளே இன்றும் அந்தக் காலத்துக் கலவைதான்: உரிமை வழக்குக்கு அடிப்படை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பு, குற்ற விசாரணைக்கு ஆங்கிலேய முறை, வாசலில் காத்திருப்பவர்கள் பேசுவது கிரியோல், கடைசி மேல்முறையீடு இன்றும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு மேல் எங்கள் முறை வந்தது. குமாஸ்தா தாளைப் பார்த்து, தாத்தாவின் பெயரை நான்காவது விதமாகப் படித்துக் கூப்பிட்டார். அம்மா சட்டென்று எழுந்துகொண்டார்.