அறுகின் கணுக்கள்

பாத்தி ஒன்றைச் சீர்செய்தபோது, அதில் படர்ந்திருந்த அறுகம்புல்லை மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டு, களை ஒழிந்தது என்று நம்பிய பிழையை நானும் செய்திருக்கிறேன். சில வாரங்களில் ஒரு கொடி இருந்த இடத்தில் பத்துக் கொடிகள் முளைத்திருந்தன. ஒரு துண்டைத் தோண்டியெடுத்து உற்றுப் பார்த்த பிறகே காரணம் விளங்கியது. விரல் நீளமே இருந்த அந்தத் தண்டில் நான்கு கணுக்கள் இருந்தன. ஒவ்வொரு கணுவிலும் கீழே மயிரிழை போன்ற வேர்க்கொத்தும், மேலே ஊசிமுனை போல வெளிறிய குருத்தும் இருந்தன.

இந்தப் புல்லுக்கு மண்ணின் மேல் ஓடும் தண்டும் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டும் உண்டு. ஆகவே வெயிலில் மேற்பரப்பு காய்ந்து கருகினாலும், மாடு கடித்தாலும், மிதிபட்டாலும், உள்ளிருக்கும் கணு ஒன்று ஈரம் கண்டவுடன் துளிர்த்துவிடுகிறது. 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று வாழ்த்தியவர்கள் இதை வெறும் அழகுக்காகச் சொல்லவில்லை என்றே நான் கருதுகிறேன். அறுகு என்பதுதான் பழைய வடிவம். பேச்சில் அது அருகாகிவிட்டது. குறுந்தொகையின் 256ஆம் பாட்டில் நீலமணி ஒழுகினாற்போன்ற கொடியாக இது வருகிறது. ஆண்மான் தன் பிணையோடு சேர்ந்து அதன் மெல்லிய தண்டை மேய்கிறது.

தாவரவியலில் லின்னேயஸ் 1753இல் இதற்கு ஒரு பெயரிட்டார். பெர்சூன் 1805இல் அதைச் சைனோடான் டாக்டைலான் என்று மாற்றினார். முதற்சொல்லுக்கு நாய்ப்பல் என்றும், இரண்டாவதற்கு விரல் என்றும் பொருள். ஒரே புள்ளியிலிருந்து விரல்களாகப் பிரியும் அதன் கதிரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். ஆங்கிலத்தில் வழங்கும் பெர்முடா புல் என்னும் பெயர்தான் பொருந்தவில்லை, ஏனெனில் அந்தத் தீவு இதன் தாயகம் அன்று.

வரப்பையும் வாய்க்கால் கரையையும் சரிவான நிலத்தையும் மழையில் கரையாமல் பிடித்து வைப்பதையே இதன் தலையாய பயனாக நான் மதிக்கிறேன். அடுத்தது தீவனம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய 'கோஸ்டல்' என்னும் மேய்ச்சல் ரகம் 1943இல் வெளியானது. விளையாட்டுத் திடல்களில் பெரிதும் பயன்படும் டிஃப்வே 419 என்னும் ரகம், அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவான மற்றொரு புல்லையும் இணைத்துப் பிறந்த கலப்பினம். மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டதால் அதில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. தண்டுகளை நறுக்கிப் பரப்பி, மண்ணில் அழுத்தி, நீர் பாய்ச்சித்தான் திடலை உண்டாக்குகிறார்கள். என் பாத்தியில் மண்வெட்டியால் நான் செய்ததும் அதே வேலைதான்.

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இதற்கு நெடுநாளாக இடமுண்டு. ஆனால் சாறு பிழிய நினைப்பவர்கள், களைக்கொல்லி தெளித்த இடத்திலும் சாலையோரத்திலும் பறிக்காமல் இருக்க வேண்டும்.

இந்தப் புல்லுக்கு ஆகாதது நிழல். இப்போதெல்லாம் நான் ஈரமண்ணை நெகிழ்த்தி, தண்டு அறுபடாமல் முழுதாக உருவியெடுக்கிறேன். எஞ்சியதன் மேல் வெளிச்சம் புகாத விரிப்பைப் போட்டு மாதக்கணக்கில் மூடி வைக்கிறேன். பாத்தியைச் சுற்றியுள்ள கரையில் மட்டும் அதை விட்டுவைத்திருக்கிறேன்.