ஓடாத விசிறி

பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கும்போது காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. பானெட்டைத் திறந்தால், எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் விசிறி அசைவற்று நிற்கிறது.

நெடுஞ்சாலையில் வந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். விசிறியின் கோளாறு நெரிசலில்தான் வெளிப்படும்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த தம்பி ஏசியைப் போடச் சொன்னார். ஏசி ஓடினால் விசிறியும் ஓட வேண்டும். ஓடவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தார். சீறிக்கொண்டு சுழன்றது.

"மோட்டார் ஓடுகிறது அண்ணா, ரிலேயைப் பார்ப்போம்."

விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு மின் சுவிட்ச்தான் ரிலே. ஹாரனுக்கும் அதே எண் கொண்ட ரிலேதான். அதைப் பிடுங்கி விசிறியின் இடத்தில் செருகியதும் ஓடத் தொடங்கியது. பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் ஒரு இணைப்புக் கால் கருகி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருந்தது.

சோதிக்காமலேயே விசிறி மொத்தத்தையும் மாற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. எவ்வளவு பணம் வீணாகிறது! இந்தத் தம்பி எதையும் ஊகிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். தொழில் என்றால் இதுதான்.

இன்னொன்று: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் முகத்தில் பீறிடும்.

மோட்டார் இறுகி அதிக மின்சாரம் இழுத்தாலும் ரிலே கருகுமாம். அதை அளந்து பார்க்கத் திங்கட்கிழமை வண்டியை விடச் சொல்லியிருக்கிறார்.