சாக்லேட் பெட்டியின் பின்பக்கம்

அக்கா மகள் பிறந்தநாளுக்கு ஒரு சாக்லேட் பெட்டி வாங்கினேன். பின்பக்கம் பொடி எழுத்தில், பொறுப்போடு விளைவித்த கோகோ என்று ஒரு முத்திரை. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'மாஸ் பேலன்ஸ்' முறையில் சான்று பெற்ற கோகோவையும் பெறாததையும் ஆலையில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கலாம். சான்றோடு வாங்கிய அளவும் சான்று சொல்லி விற்ற அளவும் கணக்கில் ஒத்துப்போனால் சரி.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டும் கானாவும் தருபவை. காயை அறுத்து இறக்கி, வெட்டுக்கத்தியால் ஓட்டைப் பிளந்து, வெள்ளைச் சதையோடு விதையை வழித்து, வாழையிலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். அந்தக் கத்தி பல தோட்டங்களில் சின்னப் பிள்ளைகள் கையில். வருகிற விலையில் கூலியாள் வைக்க விவசாயிக்குக் கட்டுப்படி ஆகாது.

மோசமான குழந்தை உழைப்பு கலக்காத கோகோவுக்கு 2005க்குள் வழி செய்கிறோம் என்று 2001இல் பெரிய கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன. அப்புறம் 2008, 2010, 2020. வட்டிக்கடைக்காரர்கூட இத்தனை தவணை தரமாட்டார். 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் ஆய்வு நிறுவனம் சொன்ன கணக்கு: இந்த இரு நாட்டுக் கோகோ வேலையில் சுமார் 15.6 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள். சிறுவயதில் கடத்தப்பட்டதாகச் சொன்ன மாலி நாட்டவர் ஆறு பேர் நெஸ்லே, கார்கில் கம்பெனிகள் மீது போட்ட வழக்கை 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பெட்டி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நாளைக்குப் பிறந்தநாள். கொடுக்கத்தான் போகிறேன்.