‘நீங்கள்’ எப்போது ‘நீ’ ஆனது: என் சரித்திரக் காதல் நாவல், ஏழாவது மாதம்

ஏழு மாதமாக ஒரு காதல் நகைச்சுவை நாவல் எழுதி வருகிறேன். களம் 1812ஆம் ஆண்டு லண்டன். நாயகி எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பவள். நாயகன் வீட்டு நிலவறையை ஆய்வுக்கூடமாக்கி வைத்திருப்பவன். நடுவில் நாயகியின் அத்தை. இருபத்திரண்டு அத்தியாயத் திட்டத்தில் பதினொன்று முடிந்திருக்கிறது. பதினொன்றாவது இந்த வாரம்தான் சரியாக வந்தது, அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் எழுதிய மூன்று அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அவற்றில் அவள் படித்துக்கொண்டே போய்த் தூணில் முட்டிக்கொள்வாள். அவன் தேநீர்க் கோப்பையில் அமிலத்தை ஊற்றிவிடுவான். படித்துப் பார்த்த நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் “இவர்களுக்குள் காதல் வரும் என்று தோன்றவில்லையே” என்று ஒருவர் சொன்னது மனதில் தைத்தது. அவர் சொன்னது சரி. இரண்டு பேரையும் அசடாக்கிவிட்டால் ஒருவர் மற்றவரிடம் எதைப் பார்த்து மயங்குவார்? இருவரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள், இருவருமே முழு அக்கறையோடுதான் எதையும் செய்கிறார்கள், அந்த இரண்டு அக்கறைகளும் மோதும் இடத்தில்தான் சிரிப்பு வரவேண்டும். இதை முடிவு செய்த பிறகுதான் எழுத்து ஓடத் தொடங்கியது.

1812ஐ எடுத்ததற்குக் காரணம் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர். ஆல்பமார்ல் தெருவில் உள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் அவர் பேசுகிறார் என்றால் பெண்கள் கூட்டமாக வருவார்கள். குதிரை வண்டி நெரிசல் தாங்காமல் லண்டனிலேயே முதன்முதலாக ஒருவழிப்பாதை ஆன தெரு அது. இருவரும் முதலில் பார்த்துக்கொள்வது அந்த நெரிசலில்தான். அந்த ஆண்டு அங்கே டேவியின் பேச்சைக் கேட்டவர்களில் மைக்கேல் பாரடேயும் ஒருவர். புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலைக் கற்றவர், கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்துத் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்ட ஜேன் மார்செட் என்ற பெண்மணி வேதியியலை உரையாடலாக எழுதிய புத்தகம் ஒன்று அப்போதே பெயர் போடாமல் வெளிவந்திருந்தது. பாரடேவுக்கு வேதியியலில் ஆசை வந்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. என் நாயகியின் கையிலும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் சொற்கள். ஐந்தாவது அத்தியாயம் வரை எல்லோரும் அவனை ‘விஞ்ஞானி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லே 1834இல்தான் அச்சில் வந்தது என்று பிறகு தெரிந்தது. வில்லியம் ஹ்யூவெல் எழுதிய ஒரு புத்தக மதிப்புரையில் அது வந்தது. மதிப்புரைக்கு எடுத்துக்கொண்ட நூல் மேரி சாமர்வில் என்ற பெண் எழுதியது. இதைப் படித்த அன்று சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. கதைக்கு அது பயன்படாது, இருபத்திரண்டு ஆண்டு பிந்தியது. இருந்தாலும் என் கதையின் முடிச்சு நிஜ உலகத்திலேயே விழுந்திருக்கிறதே! இப்போது கதையில் அவன் ‘இயற்கைத் தத்துவ ஆய்வாளன்’. இந்த மாற்றத்தால் அத்தைக்கு நல்ல வசனம் கிடைத்தது: “தத்துவம் பேசுகிறவன் வீட்டில் அடுப்பு எரியுமா?”

ஓர் இடத்தில் அவன் தீக்குச்சி கிழித்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தான். உரசினால் பற்றும் தீக்குச்சியை ஜான் வாக்கர் உருவாக்கியது 1826இல். ஆகவே சிக்கிமுக்கிக் கல், எஃகு, கருக்கிய துணி. அந்தத் துணியில் பொறி விழுந்து கனலும் வரை இருட்டு. இருட்டில் இரண்டு பேர். ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய காட்சி இரண்டு பக்கத்துக்கு நீண்டது. நாவலின் மிக இதமான பக்கங்கள் அவைதான்.

அதிக நாள் பிடித்தது எட்டாவது அத்தியாயத்தின் ரகசியக் கடிதம். அவன் அனுப்பும் தாள் வெற்றுத்தாளாக இருக்க வேண்டும், நெருப்பருகே காட்டினால் எழுத்து தெரிய வேண்டும். செய்து பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. எலுமிச்சைச் சாற்றில் பல்குத்தும் குச்சியைத் தோய்த்து ‘வருவீர்களா’ என்று எழுதிக் காயவிட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து அழுத்தினேன். முதலில் ‘வ’வின் சுழி பழுப்பானது, பிறகு மற்ற எழுத்துகள், கூடவே லேசான கருகல் வாசனை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளும் எழுத்து அப்படியே இருந்தது. என் கதைக்கு அது மறைய வேண்டும்.

தேடியபோது கோபால்ட் உப்பு மை கிடைத்தது. 1737இலேயே ஜான் எல்லோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை விவரித்திருக்கிறார். சூடு பட்டால் நிறம் தெரியும். ஆறிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டதும் மறைந்துவிடும். பனிக்காலக் காட்சி வரைந்த கணப்புத் திரைகளில் இந்த மையைப் பூசி, நெருப்பு மூட்டியதும் மரங்கள் பச்சையாகும்படி அந்தக் காலத்தில் செய்திருக்கிறார்கள். கோபால்ட் உப்பு நஞ்சு என்பதால் நான் வாங்கவில்லை. கேமரா பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்காகக் கிடந்த நீலச் சிலிக்கா மணிகளிலும் அதே உப்புதான். ஒரு மணியை இரவு ஈரத்துணி மேல் வைத்தேன். காலையில் வெளிறிய ரோஜா நிறம். வெயிலில் சூடேறக் காயவைத்ததும் மெல்ல மீண்டும் நீலம். பார்க்கப் பார்க்கக் காட்சி மனதில் ஓடியது.

வெற்றுத்தாளை அவள் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்கிறாள். இரவு கணப்பருகே படிக்கும்போது அதில் எழுத்து முளைக்கிறது. அத்தையிடம் காட்டப் படியேறி ஓடுகிறாள். மழைக்கால லண்டன், ஈரமான மாடிப்படி. அத்தை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்பது: “இன்றைக்கு எத்தனை புத்தகம் படித்தாய்?”

சரி, பதினொன்றாவது அத்தியாயத்துக்கு வருகிறேன். பொட்டாசியத்தை டேவி பிரித்தெடுத்தது 1807இல். நாப்தா என்ற எண்ணெயில் மூழ்கடித்து வைப்பார்கள், கத்தியால் வெட்டும் அளவுக்கு மிருது, நீரில் பட்டால் ஊதா நிறச் சுடரோடு வெடிக்கும். என் நாயகியிடம் எப்போதும் ஒரு தந்தக் கத்தி இருக்கும். அந்தக் காலத்தில் தாள்களின் மடிப்பு வெட்டப்படாமலேதான் பல புத்தகங்கள் வரும். ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். நானும் மடித்து வெட்டிப் பார்த்தேன். கத்தி சற்றுச் சாய்ந்தாலும் ஓரம் பிசிறுகிறது. பொறுமையான கை வேண்டும். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவன் பொட்டாசியத்தை வெட்டித்தரச் சொல்கிறான். வெட்டியதும் பழக்கத்தில் அவள் கத்தியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோகிறாள்.

“தள்ளி நில்!”

கத்தியில் ஒட்டியிருந்த துணுக்கு தண்ணீரில் விழுந்து ஊதாவாக வெடிக்கிறது. புகை அடங்கியதும் அவள் கேட்கிறாள்.

“‘நில்’ என்றீர்கள்.”

“மன்னிக்க வேண்டும். ‘நில்லுங்கள்’ என்று சொல்ல நேரம் இல்லை.”

“எவ்வளவு நேரம் மிச்சமானது?”

அவன் கடிகாரத்தை எடுத்து இரண்டையும் மாறி மாறிச் சொல்லி அளக்கிறான். அவள் வேண்டுமென்றே “இன்னொரு முறை” என்கிறாள்.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது. பத்து அத்தியாயம் நான் கவனமாகக் காத்த ‘நீங்கள்’ ஒரு துணுக்குப் பொட்டாசியத்தில் உடைந்தது. அவன் பக்கம் சரி. அவள் எப்போது ‘நீ’ என்பாள்? பதினேழாவது அத்தியாயத்தில் என்று குறித்து வைத்திருந்தேன். நேற்று எழுதும்போது அவள் வாயில் வந்துவிட்டது, அடித்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.