குடவோலை: குலுக்கினால் கலையாது, குலைத்தால்தான் கலையும்

ஊரை முப்பது குடும்பாக (பகுதியாக) வகுத்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் போட்டு, கட்டுக்கு ஓர் ஓலை எடுத்து வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்த சோழர்கால முறைதான் குடவோலை. உத்திரமேரூர்க் குடவோலையைக் கல்வெட்டில் உள்ளபடியே செய்து பார்க்கும் வேலையில் முப்பது கட்டும் இரண்டு குடமும் தயார். முதல் சுற்றே பல்லிளித்துவிட்டது. ஒரு கட்டை அவிழ்த்து மறுகுடத்தில் போட்டு இருபது தடவை குலுக்கியும், மேலே போட்ட ஓலை மேலேயே கிடக்கிறது. ஓலைகளின் முதுகில் பென்சிலால் 1 முதல் 8 வரை எண் போட்டு வைத்திருந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. பத்து முறை எடுத்ததில் ஏழு முறை 7 அல்லது 8. இதில் ஊர் நிர்வாகம் நடத்தியிருந்தால் கடைசியாக ஓலை போட்டவனுக்கே எந்நாளும் வாரியம்.

கதைச் சுருக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் (919) ஒரு ஏற்பாடு, 14ஆம் ஆண்டில் (921) அதன் திருத்தம். வயது வரம்பு முதலில் 30-60, திருத்தத்தில் 35-70. நிலத்தகுதி கால் வேலிக்கு மேல், அதாவது 5 மாவுக்கு மேல், இறை (வரி) கட்டும் நிலம். அரைக்கால் வேலிதான் உண்டு என்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்கவுரையும்) கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய சுற்றமும் பெயர் கொடுக்கவே முடியாது. இரண்டு முறையும் அரசன் ஆணையோடு ஆள் வந்து உடனிருந்தான். 12ஆம் ஆண்டில் தத்தனூர் மூவேந்த வேளான், 14ஆம் ஆண்டில் சோமாசிப் பெருமான். இரண்டே ஆண்டில் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்திருக்கிறது என்றால் முதல் ஏற்பாட்டில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது. அந்த ஓட்டை எங்கே என்று பார்க்கத்தான் இந்தக் குடமும் ஓலையும்.

பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு சொல் கல்வெட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது: 'காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று.' தொண்டை மண்டலத்தை 24 கோட்டமாகச் சொல்வது மரபு. கோட்டத்துக்குள் நாடு, நாட்டுக்குள் ஊர். உத்திரமேரூர் அப்படி ஒரு நாட்டுக்குள் அடங்கிய ஊர் அல்ல. தானே ஒரு கூறு. பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் பிரமதேயமாக (பிராமணர்களுக்குக் கொடுத்த ஊராக) எழுந்த ஊர், நாட்டுக்குச் சமமான தனியூராக நின்றது. வயல், ஏரி, தோட்டம், பொன் மாற்று என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி வாரியம் தேவைப்பட்டது இதனால்தான். குடவோலையை ஒரு கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலாக மட்டும் பார்த்தால் முப்பது குடும்பு என்ற கணக்கு மிகையாகத் தெரியும். ஒரு குட்டி நாட்டின் நிர்வாகம் என்று பார்த்தால் சரியாக உட்காரும்.

இனி ஓலை. குடும்புக்கு எத்தனை பெயர் என்று கல்வெட்டு சொல்லவில்லை. இங்கே எட்டு என்று வைத்துக்கொண்டது. 30 × 8 = 240, கட்டுக்கு ஒன்றாகக் குடும்பின் பெயர் எழுதி மேலே மூட 30 வாயோலை, ஆக 270. குருத்துக்கு அடுத்து விரிந்த ஓலைதான் வேண்டும். முற்றிய சாரோலை வெட்டும்போதே சிலும்பும். குருத்தோலை காய்ந்ததும் சுருளும். ஒரு பனைமட்டையில் நடுவில் உள்ள முப்பது இதழ்தான் அகலமாகத் தேறும். ஈர்க்கை நீக்கினால் இதழுக்கு இரண்டு பட்டை, பட்டைக்கு மூன்று அங்குலத்தில் நான்கு துண்டு. கணக்குப்படி ஒரு மட்டையில் 240 வரும். கழிவு போக இரண்டு மட்டை இல்லாமல் வேலைக்கு ஆகாது.

நான்கு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூள், அரை மணி நேரக் கொதி. இருபது நிமிடத்தில் இறக்கிய பங்கு எழுத்தாணி பட்டதும் கீறலோடு விரிந்தது. ஒரு மணி நேரம் விட்ட பங்கு துணி போலத் துவண்டு மேல்தோல் மயிர்விட்டது. அரை மணி, அதிகம் போனால் நாற்பது நிமிடம், அதுதான் பதம். வெயிலில் போடவே கூடாது. நிழலில் ஒரு நாள் ஈரம் போன பிறகு இரண்டு பலகைக்கு நடுவில் அடுக்கி, மேலே அம்மிக்கல் அளவு பாரம் வைத்து மூன்று நாள். பிறகு சோழியால் இரண்டு பக்கமும் தேய்ப்பு. கடையில் கிடைக்கும் மெருகேற்றிய சுவடி ஓலை நேரம் மிச்சப்படுத்தும்தான். ஆனால் அதில் பலதும் தாளிப்பனை, பனையோலை அல்ல. மென்மையாக, அகலமாக, எழுத இதமாக இருக்கும். குடத்துக்குள் அதன் போக்கு வேறு. 'பனையோலையா' என்று கேட்டால் விற்பவர் 'ஆமாம்' என்பார். மடக்கிப் பார்த்து வாங்குங்கள். பனையோலை தடிப்பு, சட்டென மடங்காது. பெட்டி முடைபவர்களிடம் பச்சை மட்டையாகவே கேட்டு வாங்குவது நல்லது.

எழுத்தில் பெரிய தொல்லை இல்லை. நரம்பு நீளவாக்கில் ஓடுவதால், கிடைக்கோடு இழுத்தால் ஊசி நரம்புப் பள்ளத்தில் விழுந்து வழுக்கிக்கொண்டு ஓடும். குறுக்கே வளைத்தால் பிடித்து நிற்கும். ஊசி முனையை உப்புத்தாளில் நான்கு இழுப்பு மழுக்கிவிட்டால் ஓலை கிழிவது நின்றுவிடும். புள்ளி வைக்காமல் எழுதினால் ஓலை பொத்துப் போகாது. பழைய சுவடிகளிலும் புள்ளியை அநேகமாகப் பார்க்க முடியாது. போட்டியிட்டவர் பெயர்கள் கல்லில் இல்லை என்பதால் பட்டன், கிரமவித்தன், சோமாசி போன்ற பட்டங்களோடு தமிழ் எண் சேர்த்து எழுதியது. மைக்கு ஒரு தேக்கரண்டி விளக்குக் கரி, ஒரு கைப்பிடி கோவையிலைச் சாறு, நான்கு சொட்டு நல்லெண்ணெய். பூசி, தவிட்டால் துடைக்க வேண்டும். எண்ணெய் கூடினால் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டும். முதல் சுற்றில் பழியை இந்த எண்ணெய் மேலேதான் போட்டது, தவறான பழி.

உண்மைக் காரணம் வளைவு. பாரம் வைத்துச் சமன் செய்தாலும் பனையோலை இரண்டு வாரத்தில் அகலவாக்கில் லேசாகக் குழியும், உள்பக்கம் எப்போதும் ஒரே திசையில். எட்டு ஓலையும் ஒரே பக்கம் பார்த்துக் கட்டப்பட்டிருப்பதால் கூரை ஓடு அடுக்கியது போல ஒன்றுக்குள் ஒன்று பதிந்துகொள்கின்றன. குடத்தை மேலும் கீழுமாகக் குலுக்கினால் அடுக்கு அப்படியே எழுந்து அப்படியே உட்காருகிறது. ஓலைகளை ஒன்றுவிட்டு ஒன்று திருப்பிக் கட்டினால் பாதி சரியாகும். ஆனால் எழுத்துப் பக்கம் மேலும் கீழுமாக வரும், கை போட்டவன் கண்ணில் பெயர் படும்.

கல்வெட்டில் தீர்வு ஒரே சொல்லில் இருக்கிறது. எடுத்த கட்டை வேறொரு குடத்தில் 'புகவிட்டுக் குலைத்து' அதிலிருந்து ஓர் ஓலை வாங்கவேண்டும் என்கிறது. குலுக்குவது வேறு, குலைப்பது வேறு. குலைத்தல் என்றால் இருந்த அடுக்கு அழியவேண்டும். குடத்தைப் படுக்கவைத்து, வாயைத் துணியால் மூடி, பாயில் முன்னும் பின்னும் ஆறு உருட்டு உருட்டினால் அடுக்கு சிதறிவிடுகிறது. உருட்டிய பிறகு எடுத்த நாற்பது ஓலையில் எட்டு எண்களும் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. அக்காலத்தில் உருட்டினார்களா, கைவிட்டுக் கலைத்தார்களா என்பது தனி விசாரணை. வெறும் ஆட்டல் போதாது என்பது மட்டும் ஓலையே சொல்லிவிட்டது.

குடத்தின் அளவும் முக்கியம். ஒன்பது அங்குல வயிறு, நான்கு அங்குல வாய். மூன்று அங்குல வாயுள்ள குடத்தில் எட்டு வயதுப் பிள்ளையின் கை உள்ளே போகும்; கட்டைப் பிடித்த பிறகு வெளியே வராது. குரங்குப்பிடிதான். குயவரிடம் தண்ணீர்க் குடம் என்று கேட்டால் கழுத்தைச் சிறுக்கியே தருவார். நெல் போடும் பானை என்று சொன்னால் வாய் அகலமாக வரும்.

கட்டுக்கு வாழைநார். நன்றாக நனைத்துக் கட்டினால் காயும்போது இறுகி ஓலை விளிம்பை அறுக்கிறது. ஈரத்துணியில் பத்து நிமிடம் சுற்றி வைத்த நார் போதும். கட்டுகளின் பருமன் வேறுபட்டால் மோசடிக்கு இடம் உண்டே என்ற கவலை வேண்டாம். முப்பது கட்டிலிருந்தும் ஒவ்வோர் ஓலை எடுத்தே தீரவேண்டும். கட்டின் பருமன் வரிசையை மாற்றுமே தவிர முடிவை மாற்றாது. ஒரு கட்டுக்குள் இருக்கும் எட்டும் ஒரே நீளம், ஒரே எடை, ஒரே வழவழப்பாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஓரத்தில் சின்னப் பிசிறு இருந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் விவரம் அறியாத பாலனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள் போலும். இன்னொன்று, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையைக் குலைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மறந்தால் அதுவே கையில் வரும். ஒரு சுற்று வீண்.

ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும் என்று எடுத்த ஓலையை வாங்கி வாசிக்கும் மத்தியஸ்தனுக்குப் போட்ட விதி அலங்காரம் அல்ல. மூன்று அங்குல ஓலையை மடக்கிய கைக்குள் ஒளிக்கலாம், ஒன்றை வைத்து இன்னொன்றை மாற்றலாம். விரல் விரிந்தால் முடியாது. ஓலையை ஆறு அங்குலமாக நறுக்கினால் இந்த விதியே தேவைப்படாது. ஆக அவர்கள் வைத்திருந்தது சிற்றோலைதான் என்று ஊகிக்க இடமிருக்கிறது. அவன் வாசித்த பிறகு மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்) எல்லோரும் வாங்கி வாசிக்க வேண்டும் என்பது அடுத்த பூட்டு.

முப்பது பெயர் வந்தபின் பங்கீடு எளிது. தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம். 12 பேர் தோட்டம். 6 பேர் ஏரி. கூட்டினால் முப்பது, ஒருவர் மிச்சமில்லை. 360 நாள் பதவி. இடையில் குற்றம் கண்டால் உடனே நீக்கம். ஏரிக்கு ஆறே பேர் என்பதைக் குறைவாக எண்ண வேண்டாம். ஊரின் ஏரியான வயிரமேக தடாகம் பல்லவ தந்திவர்மன் காலத்திலிருந்தே இருக்கிறது. தூர் வாருவதற்கென்று அறக்கொடைகள் தனியாக இருந்தன. வாரியத்தின் வேலை பெரும்பாலும் வட்டியை வாங்கி வேலையைப் பார்ப்பது.

பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் அடுத்த கட்டம். அதற்கும் முப்பது ஓலை எடுத்து, அதில் 12 பேரைத் தேர்ந்து ஆறாறாகப் பிரிக்க வேண்டும். மறு ஆண்டு அந்தப் பன்னிரண்டு குடும்பை விலக்கி, மிச்சத்தில் கரை (சீட்டு) போட்டு எடுக்க வேண்டும். மிச்சம் 18, அதிலும் 12 போனால் மூன்றாம் ஆண்டுக்கு என்ன ஆகும் என்பதைக் குடத்தை வைத்து மூன்று சுற்று ஓட்டினால்தான் தெரியும். காலியூர்க் கோட்டத்தைச் சுற்றியுள்ள எயில், ஊற்றுக்காடு, களத்தூர், வெண்குன்றக் கோட்டங்களோடு ஒரு வரைபடம் போடும் எண்ணமும் உண்டு; அது மழைக்காலத்துக்கு.

கல்வெட்டை நேரில் பார்த்து வாசகம் சரிபார்க்கப் போகிறவர்கள் கவனிக்க: பாதுகாக்கப்பட்ட சின்னம். எழுத்து தெரியவில்லை என்று மாவு, சாக்கட்டி, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழும் நேரத்தில் படம் எடுத்தால் பள்ளம் தானாக இருளும்.

புது மட்டை இரண்டு வந்தாகிவிட்டது. இந்த முறை நறுக்கிய துண்டுகளில் பாதியைத் தலைகீழாகப் புரட்டிப் பலகையில் வைத்திருக்கிறது. குழிவு இரு திசையிலும் பிரிந்து வந்தால் ஆறு உருட்டு மூன்றாகக் குறையும்.