படிவம் 4-இல் என்ன பாடம்?
அக்கா மகளுக்கு அடுத்த ஆண்டு படிவம் 4, அதாவது இடைநிலைப் பள்ளியில் நான்காம் ஆண்டு. கணக்கியலும் வணிகமும் எடுக்கப் போகிறாளாம். உடனே மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டில், "ஏன், அறிவியல் கிடைக்கலையா?" என்று ஒரே பேச்சு. கிடைக்கும், அவளுக்குத்தான் வேண்டாம்.

அறிவியல், கலை என்ற பழைய பிரிவுகளை 2020-லேயே நீக்கிவிட்டார்கள். ஆனாலும் தோட்டத்துப் பெரிசுகளுக்குக் கணக்கியல் இன்னும் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளின் பாடம். பற்றும் வரவும் சமமாகாமல் இராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்து தேடிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்!

அப்பாவின் சம்பளச் சீட்டில் இ.பி.எஃப்.க்கு (ஊழியர் சேமநிதிக்கு) 11 விழுக்காடு பிடிக்கிறார்களே, முதலாளி தன் பங்கைச் சரியாகப் போடுகிறாரா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒன்றாவது வேண்டாமா? அக்கா காலையில் விற்கும் நாசி லெமாக்கில் (தேங்காய்ப்பால் சோற்றில்) மிஞ்சுவது எவ்வளவு என்று இதுவரை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இவள்தான் எழுதப் போகிறாள், பாவம் அக்கா.

ஏட்டுப் படிப்பு ஒத்துவராத பிள்ளைகள் படிவம் 3 முடித்ததும் வொக்கேஷனல் (தொழிற்கல்வி) கல்லூரியில் சேரலாம். 2 ஆண்டில் எஸ்.வி.எம். என்ற தொழிற்கல்விச் சான்றிதழ், தொடர்ந்தால் இன்னும் 2 ஆண்டில் டிப்ளோமா. விண்ணப்பம் இணையத்தில்தான். தேதியைப் பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள்.