இன்றேல், ஏன்?

பெப்ரவரி 8

விடிந்ததும் பெரியம்மா வந்துவிட்டா. கையில் கிளினிக் கொப்பி. அதன் பிளாஸ்ரிக் உறைக்குள், பிரசர் மருந்துத் துண்டுக்குப் பின்னால், எட்டாக மடித்தபடி வளவின் ஒப்பம். 1983இல் கிடைத்த எல்.டி.ஓ. ஒப்பம், அதாவது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரம். 1990இல் ஊரைவிட்டு ஓடியபோது சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்த கடதாசி. பிறகு திரும்பிப் போனபோது வளவு படைமுகாமின் முட்கம்பிக்கு உள்ளே இருந்தது. இன்றைக்கும் உள்ளேதான்.

"எம்.பி.யிட ஆக்கள் பாராளுமன்றத்தில கேட்கப் போறாங்களாம். நீ எழுதிக் குடு மனே."

காணிப் பகுதியில் 27 வருடம் வேலை செய்தவள் நான். எத்தனையோ ஒப்பம் பார்த்த கண். ஆனாலும் மேசையில் விரித்ததும் நெஞ்சு பதறியது. பரப்பளவு எழுதிய இடத்தில்தான் மடிப்பு விழுந்திருக்கிறது. '1 ஏக்கர்' தெரிகிறது. றூட்டும் பேர்ச்சும் மடிப்போடு தேய்ந்துபோய், அந்த இடத்தில் விரல் நுனியளவு ஓட்டை.

பெப்ரவரி 10

நேற்று இரண்டு பக்கம் எழுதினேன். 90ஆம் ஆண்டு, அகதி முகாம், பெரியப்பா செத்தது, எல்லாமே. எம்.பி.யின் செயலாளர் தம்பி பணிவாகத் திருப்பி அனுப்பிவிட்டார். "அக்கா, இது பேச்சு. எங்களுக்குக் கேள்வி வேணும்."

அவர் சொன்னது சரி. வாய்மூல விடைக்கான வினாவுக்கு ஓர் அச்சு இருக்கிறது. (அ), (ஆ), (இ) என்று போகும், "அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று கேட்கும், கடைசியில் "இன்றேல், ஏன்?" என்று நிற்கும். கண்ணீருக்கு அதில் இடமில்லை.

"எப்போது விடுவிப்பீர்கள்?" என்ற வரியை நானே வெட்டினேன். பாதுகாப்புத் தேவை பரிசீலிக்கப்படுகிறது என்று ஒரே வசனத்தில் அதை மூடிவிடலாம். அதற்குப் பதிலாக இப்படி எழுதினேன்: இந்தப் பிரிவில் படைமுகாம்களுக்குள் உள்ள, தனியாருக்குச் சொந்தமான உறுதிக்காணி எத்தனை ஏக்கர், ஒப்பக்காணி எத்தனை ஏக்கர்? உறுதிக்காணிக்கு 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் (பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்ற அறிவித்தல்) ஒட்டப்பட்டதா, எந்தத் திகதியில்? ஒப்பக்காணியின் ஒப்பம் முறைப்படி இரத்துச் செய்யப்பட்டதா? ஒப்பக்காரருக்கு அறிவித்தல் போனதா?

பெரியம்மாவுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் வரவில்லை. அப்படியென்றால் சட்டப்படி அந்த வளவின் ஒப்பம் இன்னும் அவவுடையதுதான். அமைச்சர் வாயால் வரவேண்டியது அந்த ஒரு சொல்.

பெப்ரவரி 11

பரப்பளவு இல்லாமல் கேள்வி நிற்காது. பிரதேச செயலகத்தின் ஒப்பப் பேரேட்டுப் பக்கத்தைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016இன் 12ஆம் இலக்கம்) விண்ணப்பம் கொடுத்தேன். பதிலுக்கு 14 வேலைநாள்.

பெப்ரவரி 14

கேள்வியை எந்த அமைச்சருக்கு அனுப்புவது? மூன்று நாளாக இதே பேச்சு.

காணி மாகாணத்துக்குரிய விடயம் என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்கிறது. 1987 நவம்பரில் சட்டமானது. ஒன்பதாவது அட்டவணையின் முதலாம் நிரலில் காணி இருக்கிறது, விபரம் இரண்டாம் பின்னிணைப்பில். பாதுகாப்பு மத்திய அரசின் ஒதுக்கிய நிரலில். ஆனால் அதே இரண்டாம் பின்னிணைப்பு, அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரியது என்றும் சொல்கிறது. 2013 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அரச காணி அதிகாரம் மத்தியிடமே என்று தீர்ப்பளித்தது. மாகாணங்களும் சேர்ந்து கொள்கை வகுக்க வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு என்று ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அது அமைக்கப்படவே இல்லை.

சரி, மாகாண சபையிலாவது கேட்கலாமா என்றால், 37 பேர் இருந்த கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பர் 30உடன் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலைக் காணவில்லை. ஆளுநர் இருக்கிறார், ஆனால் அவரை எழுந்து நின்று கேள்வி கேட்க ஒரு சபை இல்லை. எங்கள் பக்கத்தில் சபை இருந்த திருகோணமலைக்கு பஸ் ஏறிப்போய் உறுப்பினரைப் பிடித்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். இப்போது மட்டக்களப்புக்கு 5 எம்.பி., அம்பாறைக்கு 7 எம்.பி. குளத்து மடை உடைந்தாலும், ரீச்சர் இடமாற்றமும், முகாமும், எல்லாம் அவர்கள் தலையில்தான்.

காணி, பாதுகாப்பு என்று இரண்டு அமைச்சருக்கும் இரண்டு கேள்வி என்று முடிவாக்கினோம். ஒன்றாகப் போட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டிவிட்டு இருந்துவிடுவார்.

பெப்ரவரி 20

பெரியம்மாவோடு போனேன். றோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். முகாமின் காவல் சென்றியில் நின்ற பெடியனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "அம்மா, என்ன பார்க்கிற?" என்று உடைந்த தமிழில் கேட்டான். போன் எடுக்க வேண்டாம் என்று கையால் காட்டினான். கோபமில்லாமல்தான்.

"கிணறு பார்க்கிறன் மகன்" என்றா பெரியம்மா.

கிணற்றுக் கட்டு தெரிந்தது. வெள்ளை அடித்து, மேலே வலை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் அவ நட்ட தென்னையில் நாலு நிற்கிறது. ஒன்பது நட்டவவாம். திரும்பி வரும் வழியெல்லாம், எந்த ஐந்து போனது என்று மூலை மூலையாகச் சொல்லிக்கொண்டு வந்தா.

மார்ச் 3

பேரேட்டுப் பக்கத்தின் பிரதி வந்தது! எனக்கு வேலை பழக்கிய பெரிய கிளாக்கரின் எழுத்து. 7ஐக் குறுக்கே வெட்டி எழுதுவார், பார்த்த உடனே தெரிந்துவிட்டது. 1 ஏக்கர், 2 றூட், 17 பேர்ச். இரத்துச் செய்தால் எழுதவேண்டிய நிரல் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறும் கட்டத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

இரவு பழைய ஹன்சாட்களை, பாராளுமன்றப் பேச்சுப் பதிவுகளை, வாசித்தேன். கேள்வி மூன்று மொழியிலும் அச்சாகியிருக்கும். விடையை அமைச்சர் பேசிய மொழியில்தான் போடுவார்கள், அநேகமாகச் சிங்களம். தமிழில் கேட்டவர் விடைக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டும். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். ஊரில் எத்தனை பேருக்கு வரும்?

படையை அழைப்பது பற்றியும் தேடினேன். பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ், பொது ஒழுங்கைப் பேணப் படையினரை அழைக்கும் கட்டளையை ஜனாதிபதி வர்த்தமானியில் விடலாம். அது ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். 2011 ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் முடிந்த பிறகும், பல வருடம் மாதாமாதம் அது வந்துகொண்டே இருந்தது. ஒரு மாதம் என்று எழுதியதை வருடக்கணக்காக நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எம்.பி.யாக இருந்த ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவின் பெயர் கண்ணில் பட்டது. 2005 நத்தார் ஆராதனையில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள் சுட்டுக் கொன்றார்கள். மட்டக்களப்புக்காகச் சபையில் எழுந்து நின்ற மனிதர். கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

மார்ச் 24

கேள்வியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இதே மாதிரி காணி கேட்டுப் போராடிய பொத்துவில் கனகர் கிராமத்தாருக்கும், மேய்ச்சல் தரை கேட்டுப் போராடிய மயிலத்தமடு மாட்டுக்காரருக்கும் கேட்கிறாங்களா என்று கேட்டா. அவர்களுடையது வேறு திணைக்களம், வேறு கேள்வி என்றேன். "அதையும் எழுது" என்றா. எழுத வேண்டும்.

ஏப்ரல் 8

இன்றைக்குக் கேள்வி நாள். போனில் நேரலை போட்டு, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி இரண்டு பேரும் இருந்தோம். இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எம்.பி. எழும்பினார். அரச தரப்பிலிருந்து ஒருவர் எழும்பி, விடைக்கு இரண்டு கிழமை அவகாசம் கேட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்த இலக்கம்.

"இல்லெண்டு சொல்லலதானே?" என்றா பெரியம்மா. இல்லை, சொல்லவில்லை.

இரண்டு கிழமை என்றால் 22ஆம் திகதி. நாட்காட்டியில் வட்டம் போடப் போனால், அன்றைக்குப் பெரியம்மாவுக்குக் கிளினிக் என்று ஏற்கனவே குறித்திருக்கிறேன். கூட்டத்தில் உறை எங்கேயும் தவறிவிடும், ஒப்பத்தை என்னிடம் தந்துவிட்டுப் போங்கள் என்றேன். தரமாட்டேன் என்றுவிட்டா.